திரையில் எரிந்த விளக்கு கையிலும் எரியட்டும்

சென்ற தவணையில் என் இரண்டாம் படிவ மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு பேட்டரி, ஒரு சுவிட்சு, ஒரு எல்இடி விளக்கு, ஒரு மின்தடையாக்கி. இந்த நான்கையும் சேர்த்து ஒரு சிறிய மின்சுற்று அமைக்க வேண்டும். உண்மைப் பொருள்கள் தேவையில்லை, சிமுலேட்டர் எனப்படும் பாவனைச் செயலியில் அமைத்துத் திரையைப் படமெடுத்து அனுப்பினால் போதும் என்றேன். லுக்குட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் உட்பட ஏறக்குறைய எல்லாரும் அனுப்பினார்கள். எல்லார் திரையிலும் விளக்கு எரிந்தது. எல்லாருக்கும் முழுப் புள்ளி போட்டேன்.

அடுத்த வாரம் அதே பொருள்களை வாங்கிவந்து மேசையில் வைத்தேன். ஒரு மாணவி எல்இடியை விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு, "டீச்சர், இதுல எந்தக் கால் பிளஸ்?" என்று கேட்டாள். இன்னொரு மாணவன் விளக்கின் இரண்டு கால்களையும் பிரெட்போர்டின் ஒரே வரிசையில் செருகிவிட்டு, விளக்குக் கெட்டுவிட்டது என்றான். எட்டுக் குழுக்களில் மூன்று குழுக்களின் விளக்கு மட்டுமே அன்று எரிந்தது. இவர்கள் எல்லாரும் சென்ற வாரம் என்னிடம் முழுப் புள்ளி வாங்கியவர்கள்தாம்.

பிழை மாணவர்கள் மேல் இல்லை. ஒரு படத்தைப் பார்த்துப் புள்ளி போட்ட என் மேல்தான். ஆனாலும் சிமுலேட்டரைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அதை எப்படிப் பயன்படுத்தினால் பாடம் நிற்கும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் அதன் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, அறிவியல் கூடம் இல்லாமல் மின்னியல் கற்பிக்க வேறு வழி இருக்கவில்லை. அப்போதும் வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி வைத்துக்கொண்டு, அப்பா வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து பாடம் செய்த பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குச் சிமுலேட்டர்தான் முதல் அறிவியல் கூடம். மின்தடையாக்கி எரிந்துவிடுமோ, ஆசிரியர் ஏசுவாரோ என்ற பயமில்லாமல் நூறு முறை தவறு செய்யலாம்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002இல் 'ஃபெட்' என்ற இலவசப் பாவனைச் செயலிகளைத் தொடங்கினார். அதில் மின்சுற்று அமைக்கும் செயலியும் ஒன்று. அங்கே நடந்த ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. ஒரு பிரிவு மாணவர்கள் உண்மையான கம்பி, பல்புகளை வைத்துப் பயின்றார்கள். மற்றொரு பிரிவு அந்தச் செயலியில் மட்டும் பயின்றது. பிறகு இரு பிரிவினரையும் உண்மையான மின்சுற்று ஒன்றை அமைத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கச் சொன்னார்கள். செயலியில் பயின்றவர்களே சிறப்பாகச் செய்தார்கள்.

எப்படி என்று கேட்கிறீர்களா? உண்மைக் கம்பிக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. செயலியில் எலக்ட்ரான்கள் சிறு புள்ளிகளாக நகர்வது தெரியும். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்னோட்டத்தைப் பல்பு பாதி தின்றுவிடுகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பல்புக்கு முன்னும் பின்னும் புள்ளிகள் ஒரே வேகத்தில் போவதைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். குறைவது ஆற்றல். மின்னோட்டம் குறைவதில்லை. இந்த ஒரு கருத்தை நான் வெண்பலகையில் எழுதிப் புரியவைக்க இரண்டு பாடவேளை ஆகும்.

அப்படியானால் என் வகுப்பில் ஏன் விளக்கு எரியவில்லை? கொலராடோ மாணவர்கள் செயலியோடு நின்றுவிடவில்லை. கேள்விகளுக்கு விடை எழுதினார்கள், பிறகு கையால் அமைத்தார்கள், விளக்கமும் சொன்னார்கள். என் மாணவர்கள் விளக்கு எரியும்வரை பாகங்களை மாற்றி மாற்றி வைத்து, எரிந்ததும் படமெடுத்து அனுப்பினார்கள். நான் கேட்டதும் அவ்வளவுதான்.

சிமுலேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதன் எல்லையும் தெரியும். 1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் டொனால்ட் பெடர்சனும் 'ஸ்பைஸ்' என்ற கணினி நிரலை உருவாக்கினார்கள். சில்லுகளைச் செய்வதற்கு முன்பே அவை வேலை செய்யுமா என்று கணக்கிட்டுப் பார்க்க உதவும் நிரல் அது. ஒவ்வொரு சந்திப்பிலும் உள்ளே வரும் மின்னோட்டமும் வெளியே போகும் மின்னோட்டமும் சமம் என்பது போன்ற விதிகளைக் கொண்டு சமன்பாடுகளை அமைத்து அது விடை காண்கிறது. நீங்கள் பயன்படுத்தும் செயலிகளுக்கும் அடிப்படை இத்தகைய கணக்குதான். ஆகவே, நாம் கொடுத்த விவரத்தை வைத்து மட்டுமே செயலி கணக்குப் போடும். நாம் கொடுக்காததை அது அறியாது.

ஓர் எடுத்துக்காட்டு. 9 வோல்ட் பேட்டரி இருக்கிறது. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட். 470 ஓம் மின்தடையாக்கி போட்டால், 7ஐ 470ஆல் வகுக்க, மின்னோட்டம் ஏறத்தாழ 15 மில்லி ஆம்பியர். செயலி இதைத்தான் காட்டும். கையில் வரும் மின்தடையாக்கியிலோ மஞ்சள், ஊதா, பழுப்புக் கோடுகளோடு தங்க நிறக் கோடு ஒன்றும் இருக்கும். 5 விழுக்காடு கூடலாம், குறையலாம் என்று அதற்குப் பொருள். ஆக அது 447 ஓமும் ஆகலாம், 493 ஓமும் ஆகலாம். பழைய பேட்டரி 9 வோல்ட் தராது. பிரெட்போர்டின் துளை தளர்ந்திருக்கலாம். கடற்காற்று வீசும் நம் ஊரில் பேட்டரியின் முனை துருவேறியும் இருக்கலாம். பெரும்பாலான பள்ளிச் செயலிகளில் கம்பி தளர்வதில்லை, முனை துருப்பிடிப்பதில்லை. உண்மை மின்சுற்றில் விளக்கு எரியாமல் போவதற்குப் பல நேரம் இவைதாம் காரணம்.

பழுது எங்கே என்று தேடுவதுதான் மின்னணுவியலின் பாதிப் பாடம். நான் கீழ்நிலைப் படிவங்களில் படித்தபோது 'கெமாஹிரான் ஹிடுப்' என்ற வாழ்வியல் திறன் பாடம் இருந்தது. பட்டறையில் சோல்டரிங் செய்து விரலைச் சுட்டுக்கொண்டோம். எரியாத விளக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இணைப்பாகத் தடவித் தேடினோம். இன்று அதன் இடத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் இருக்கிறது. மின்னணு வடிவமைப்பு அதிலும் உண்டு. ஆனால் படம் அனுப்பினால் போதும் என்று என்னைப் போன்ற ஆசிரியர்கள் விட்டுவிட்டால், அந்தத் தேடும் பழக்கம் உங்களுக்கு வராமலே போய்விடும்.

இதில் நமக்கு இழப்பு பெரியது. 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் திறந்தது. பிறகு மின்னணுத் தொழிற்சாலைகள் நாடெங்கும் பெருகின. நமக்கு அருகே சிரம்பானிலும் வந்தன. தோட்டத்திலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, மற்றவர் வடிவமைத்ததைப் பொருத்திக் கொடுத்த அக்காமார் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களின் பிள்ளைகளாகிய நீங்கள் வடிவமைக்கும் மேசையிலும் பழுது காணும் மேசையிலும் உட்கார வேண்டும். அங்கே இருப்பவர்கள் முதலில் கணினியில் பார்க்கிறார்கள், பிறகு மாதிரி செய்து கையில் அளந்து பார்க்கிறார்கள். இரண்டும் தெரிந்தவருக்கே அந்த வேலை.

ஆகவே மாணவர்களே, மூன்று பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, செயலியை இயக்கும் முன் என்ன நடக்கும் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மின்னோட்டம் எவ்வளவு என்று கணக்கிட்டுவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்துங்கள். எழுதியதும் திரை காட்டுவதும் வேறுபட்டால் அங்கேதான் உங்கள் பாடம் இருக்கிறது. இரண்டு, விளக்கு எரிந்ததும் நிறுத்தாதீர்கள். வேண்டுமென்றே ஒரு கம்பியை எடுத்துவிடுங்கள், எல்இடியைத் திருப்பி வையுங்கள், அது ஏன் அணைந்தது என்று எழுதுங்கள். மூன்று, திரையில் செய்த ஒரு மின்சுற்றையாவது கையால் செய்து பாருங்கள். பிரெட்போர்டு, சில எல்இடி, சில மின்தடையாக்கிகள், ஒரு பேட்டரி போதும். நான்கு பேர் சேர்ந்து ஒரு செட்டு வாங்கலாம். அதுவும் முடியாதென்றால் பள்ளி அறிவியல் கழகத்தில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். செயலியில் பேட்டரி தீப்பிடித்தால் சிரித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். வீட்டுச் சுவரில் உள்ள 230 வோல்ட் மின்சாரத்தோடு அப்படி விளையாட முடியாது. அதைத் தொட்டால் உயிரே போகும். உங்கள் சோதனைகள் எல்லாம் சிறு பேட்டரியோடு நிற்கட்டும்.

என் வகுப்பில் இப்போது திரைப் படத்துக்குப் பாதிப் புள்ளிதான். மீதிப் பாதி, நான் மேசையில் தரும் எரியாத மின்சுற்று ஒன்றில் பழுதைக் கண்டுபிடித்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான்கு வரி எழுதினால் கிடைக்கும். எந்தக் கால் பிளஸ் என்று கேட்ட அந்த மாணவி, போன வாரம் ஒரு மின்சுற்றில் கம்பி உள்ளே அறுந்திருந்ததை மல்டிமீட்டர் வைத்துக் கண்டுபிடித்தாள். வெளியே பார்த்தால் அந்தக் கம்பி நன்றாகத்தான் இருந்தது. எனக்கே முதலில் தெரியவில்லை.