வழி கூறாத ஆய்வேடு

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. மேல்விசாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இல். ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல். தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்கு ஈந்த வள்ளல்களின் பெயர்களை இவ்வட்டாரம் இன்றும் போற்றுகிறது. பொருள் கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கும் நாம், கருத்துக் கொடுத்தவர் பெயரை ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் எழுதக் கூசுவது ஏன்?

பிறர் எழுத்தைத் தமதாகக் காட்டும் இந்நோய் எந்த ஓர் ஊருக்கும் தனியுரிமை அன்று. அண்டையிலுள்ள திருப்பதியில் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை வெளியிட்ட ஏறத்தாழ 70 கட்டுரைகள் மீது திருட்டுக் குற்றச்சாட்டு எழுந்ததை 2008இல் உலகமே அறிந்தது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிகள் வகுத்தது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருப்பின் தண்டனையில்லை. 40 வரை எனில் ஆறு திங்களுக்குள் திருத்தித் தரவேண்டும். 60 வரை எனில் ஓராண்டுத் தடை. அதற்கும் மேல் எனில் பதிவே இரத்து. விதி நன்றே. அதை நாம் கையாளும் முறையோ நன்றன்று. ‘பத்துக்குள் அடங்கிவிட்டது’ என்னும் சான்றிதழைக் கண்டதும் நெறியாளரின் கை கையொப்பத்துக்கு நீளுகிறது. பிறர் கருத்தைத் தனதாக்குவதும் திருட்டே என்று அதே விதி கூறுவதை யார் படிக்கிறார்? கணிப்பொறி சொற்களை எண்ணும். கருத்தின் உடையவனைக் கேளாது. ஆங்கிலப் பக்கத்தைத் தமிழாக்கி, வாக்கியத்தைப் புரட்டி, சொல்லுக்குச் சொல் மாற்றியவன் அதன் கண்ணுக்குத் தப்பிவிடலாம். தோலின் கீழ்ப்பிளவுக்குப் பூச்சேற்றி மேல்தோலென நீட்டினால், ஆம்பூரில் கைதேர்ந்தவர் வெட்டுவாயைப் பார்த்தே கண்டுகொள்வார். தோலுக்கு உள்ள சோதனை அறிவுக்கு வேண்டாமா?

முன்னோர் சொல்லை எடுத்தாள்வதே நம் மரபு, அடிக்குறிப்பு மேனாட்டார் வழக்கம் என்று வாதிடுவோர் உளர். மரபை அறியாதார் கூற்று இது. முதனூல், வழிநூல், சார்பு நூல் என வகுத்த நன்னூல், சிறப்புப்பாயிரத்தில் ஆக்கியோன் பெயரோடு நூல் வந்த வழியையும் கூறப் பணித்தது. ஹதீஸ் கலையிலோ யார் யாரிடம் கேட்டார் என்னும் இஸ்னாதை ஆராயாமல் எச்செய்தியும் ஏற்கப்படுவதில்லை. 1505இல் மறைந்த இமாம் ஸுயூத்தீ, நூலாசிரியனையும் திருடனையும் வேறுபடுத்திக் காட்டவே தனியொரு நூல் இயற்றினார். இத்தகைய மரபின் வாரிசுகளா வழி கூறுவதை அந்நியம் என்பது?

திருட்டால் இழப்பவர் மூல ஆசிரியர் மட்டுமல்லர். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ பகுதியோ பாழானது என்னும் கணக்கு அதில் உள்ளது. அது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கு என்பதும் அங்கேயே கூறப்பட்டுள்ளது. எவரும் அதைச் சரிபார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். வழி கூறிய எண்ணுக்கு உள்ள வலிமை அது. மாறாக, பழைய ஆய்வேட்டின் குரோமிய அளவையும் உப்பளவையும் இவ்வாண்டுக் கிணற்று நீரின் அளவென ஒருவன் பெயர்த்தெழுதினால் என்ன ஆகும்? தூய்மையடைந்த கிணறு நஞ்சென்று ஒதுக்கப்படும். கெட்ட கிணறு நன்றென்று குடிக்கப்படும். குடிப்பவனுக்கு இழைக்கும் இவ்வஞ்சகத்தை எந்த விழுக்காடு அளக்கும்?

ஆகவே நாம் கோருவது இது: குறிப்பெடுக்கும்போதே நூலின் பெயரையும் பக்கத்தையும் மாணவர் எழுதட்டும். சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோளுக்குள் இடட்டும். தம் சொல்லில் மாற்றினும், மொழிபெயர்ப்பினும் உடையவரைச் சுட்டட்டும். அளவெனில் எங்கு, என்று, யார் எடுத்தது என்பதைப் பதியட்டும். நெறியாளரோ சான்றிதழை ஒதுக்கிவைத்து, மாணவரை எதிரே அமர்த்தி, ‘இது உனக்கு எவ்வழி வந்தது?’ என ஒவ்வோர் இயலுக்கும் கேட்கட்டும். விடை வாராத ஏட்டில் கையொப்பமிடுபவர் திருட்டுக்குச் சாட்சி நிற்கவில்லை, கூட்டு நிற்கிறார். கல்வி அமானிதம். அமானிதத்தில் பத்து விழுக்காடு மோசடிக்கு அனுமதி உண்டென்று நமக்கு எவரும் கற்பிக்கவில்லை.