அம்மாவின் மல்லிக் கணக்கு

பங்குனி வெயில் உறைக்கத் தொடங்கியதும் அம்மாவின் கொல்லையில் குண்டுமல்லி மொட்டு விடுகிறது. கார்த்திகையில் அதே செடியை அவள் கவாத்து செய்தபோது, "பாவம்மா, விடேன்" என்றேன். "கழிக்காத செடி இலையைக் காட்டும், பூவைக் காட்டாது" என்றாள். புதுத் துளிரின் நுனியில்தான் மல்லி பூக்கும் என்பது அவள் ஏட்டில் படிக்காத பாடம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, தை முகூர்த்தத்தில் கிலோ ஆயிரங்களைத் தொடும்போது அடித்துப்பிடித்து வாங்குகிறோம். சித்திரையில் குவிந்து விலை சரியும்போது திரும்பியும் பார்ப்பதில்லை. பருவம் தவறிக் கேட்பது நாம், பழி பூவுக்கு. அம்மாவோ அந்திக்கு முன் மொட்டுகளைப் பறித்து, தொடுத்ததில் பாதியை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். கொல்லை இல்லாதவர்கள் மொட்டைமாடியில் ஒரு தொட்டியாவது வையுங்கள். கோடையைத் திட்டாமல் வரவேற்க அது கற்றுத்தரும்.