அளவெடுக்கவும் காசா?

போன வாரம் தோழி ஒருத்தி போனில் பொரிந்து தள்ளினாள். அவள் பிளாட்டில் ஹால் சுவர் ஓதம் காத்து, பெயின்ட் உரிந்து வருகிறது. வாட்டர் புரூஃபிங் செய்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறாள். "வந்து பார்த்து எஸ்டிமேட் எழுதித் தர 750 ரூபாய் மேடம். வேலையை எங்களுக்கே கொடுத்தீங்கன்னா பில்லுல கழிச்சுடுவோம்" என்றாராம் அவர்.

"விலை சொல்றதுக்கே ஒரு விலையா? நாளைக்குப் புடவைக் கடைக்குள்ள நுழையவே டிக்கெட் வாங்கச் சொல்வாங்க போலிருக்கே!"

சிரித்துவிட்டேன். ஆனால் 'ஆமாம்டி, அநியாயம்தான்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த அலமாரிகளைச் செய்ய ஒரு கார்பென்டர் அண்ணனை வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மொபெட்டில் வந்தார். கேஸ் சிலிண்டரை நகர்த்தி, சிங்க்குக்கு அடியில் தலையை விட்டு, குழாய் எங்கே வளைகிறது என்பதுவரை அளந்தார். மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, "சுவரு ஒரு இன்ச் கோணல்மா. ரெடிமேடா வாங்கி மாட்டுனா இடுக்குல கரப்பான் குடியிருக்கும்" என்றார். என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, எட்டுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மாமியாரிடம், "குனிய முடியுமாம்மா? இல்ல, கீழ எல்லாத்தையும் இழுக்குற டிராயரா போட்டுடவா?" என்று கேட்டார். அன்றைக்கு இரண்டு மணி நேரம். மறுநாள் கடைகளில் போய் ரேட் விசாரித்திருக்கிறார். மூன்றாம் நாள் இரண்டு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். 18 எம்.எம். பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் எத்தனை, சிங்க்குக்கு அடியில் மட்டும் தண்ணீர் தாங்கும் 710 தரம், மைக்கா, கீல், சேனல், கைப்பிடி, கூலி எல்லாம் தனித்தனியாக. கூடவே ஸ்கேல் வைத்து வரைந்த ஒரு படம். மொத்தம் 1,38,000 ரூபாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த இரண்டு பக்கத்தையும் படத்தையும் போட்டோ எடுத்து, கணவரின் ஆபீஸ் நண்பர் சொன்ன இன்னொரு கான்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. அரை மணி நேரத்தில் பதில்: 'சேம் வொர்க், 1,24,000க்கு முடிச்சுடலாம்.' வேலையை அவருக்குக் கொடுத்தோம். முதலாமவரிடம், "யோசிச்சு சொல்றேன் அண்ணே" என்றேன். இரண்டு முறை போன் செய்தார். இரண்டாவது முறை நான் எடுக்கவில்லை.

மலிவாகச் செய்தவர் ஏமாற்றிவிட்டார், மழைக்காலத்தில் பலகை ஊதிவிட்டது என்று கதை சொல்லப் போவதில்லை. அலமாரி ஜோராக இருக்கிறது. அதுதான் உறுத்தல். ஸ்டூல் போடாமல் மேல் தட்டிலிருந்து கடுகு டப்பாவை எடுக்கும்போதெல்லாம், என் கை எட்டுகிற உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டவர் யார் என்று ஞாபகம் வரும். இரண்டாமவரால் ஏன் 14,000 குறைக்க முடிந்தது? மூன்று நாள் உழைப்பை அவருக்கு நான் ஓசியில் அனுப்பிவிட்டேனே!

எனக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் ஒரு கணக்குச் சொல்வார். பத்து வீட்டுக்குப் போய் எஸ்டிமேட் கொடுத்தால், மூன்று வீட்டு வேலை கிடைத்தால் பெரிசு. வீட்டுக்கு அரை நாள் என்று வைத்தாலும் கிடைக்காத ஏழு வீட்டில் மூன்றரை நாள் போச்சு. பெட்ரோல் தனி. அந்தச் செலவை யார் தலையில் வைப்பது? கிடைத்த மூன்று வீட்டுப் பில்லில்தான். ஆக 'ஃப்ரீ எஸ்டிமேட்' என்று யாரும் தருவதில்லை. வேலை கொடுக்கிறவர், கொடுக்காத ஏழு பேருக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

பெயின்டிங்குக்குச் சதுர அடி என்ன ரேட், பிளவுஸ் தைக்க எவ்வளவு என்று கேட்பதற்குக் காசு கேட்டால் சண்டை போடலாம். அது வாயால் சொல்கிற விலை. ஆனால் சுவர் ஏன் ஓதம் காக்கிறது, தண்ணீர் மொட்டை மாடியிலிருந்து இறங்குகிறதா, பாத்ரூம் டைல்ஸ் இடுக்கிலா, உள்ளே போகிற குழாயிலா என்று கண்டுபிடிப்பது விலை சொல்வதில் சேராது. அதுவே பாதி வேலை. டாக்டரிடம் போய், 'முதல்ல என்ன நோய்னு சொல்லுங்க, மருந்து உங்ககிட்ட வாங்கினா ஃபீஸ் தரேன்' என்றா சொல்கிறோம்? ஏ.சி., வாஷிங்மெஷின் பார்க்க கம்பெனி டி-ஷர்ட்டில் ஒருவர் வந்து ரசீதை நீட்டினால், விசிட்டிங் சார்ஜ் முணுமுணுக்காமல் தருகிறோம். மொபெட்டில் வருகிறவர் கேட்டால் மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது.

சட்டம் என்று பார்த்தாலும், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒருவர் சொந்தமாக வரைந்த படமும் பிளானும் கலைப்படைப்புக் கணக்கில் வருகின்றன. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதற்காகச் சமையலறைப் படத்தைத் தூக்கிக்கொண்டு எந்த கார்பென்டர் கோர்ட்டுக்குப் போகப் போகிறார்? அந்தத் தைரியத்தில்தானே நாம் போட்டோ எடுக்கிறோம்.

தோழியின் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "மொத்தமா உடைச்சு மாத்தணும்" என்று சொல்லிக் காசு வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். கடன் வாங்கி வீட்டு வேலை செய்கிறவர் மூன்று இடத்தில் விசாரிக்காமல் எப்படிக் கொடுப்பார்? மூணு 750, 2,250 ரூபாய். அதனால் தொகையைக் கிளம்பும் முன் போனிலேயே சொல்லிவிட வேண்டும். வந்த பிறகு சொன்னால் அது வழிப்பறி. வாங்குகிற காசுக்கு அளவும் பொருள் தரமும் போட்ட பேப்பர் நம் கைக்கு வர வேண்டும். காசு கொடுத்து வாங்கிய அந்தப் பேப்பரை யாரிடம் வேண்டுமானாலும் காட்டி விலை கேட்கலாம். மனசும் உறுத்தாது. வேலை கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வது முறை. என்னைக் கேட்டால், அரை நாள் கூலிக்கு மேல் போகக் கூடாது.

போன மாசம் அந்த கார்பென்டர் அண்ணனை எதிர் பிளாட்டில் பார்த்தேன். கதவு இழைத்துக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அளவுக்குன்னு தனியா வாங்கிடலாமே அண்ணே?" என்றேன்.

"கம்பெனிக்காரன் கேட்கலாம்மா. நான் கேட்டா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க" என்றார்.

கையில் வைத்திருந்த ஆயிரம் ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை. "அன்னிக்குக் குடுத்திருந்தா வாங்கியிருப்பேன்" என்றார், சீவுளியிலிருந்து கண்ணை எடுக்காமல். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "இப்பல்லாம் யாருக்கும் எழுதித் தர்றதில்லம்மா. அளவு என் நோட்டுல இருக்கும். மொத்தம் இவ்வளவுன்னு வாயால சொல்லிடுவேன்."

அதாவது, அடுத்த வீட்டுக்காரருக்கு எந்தப் பிளைவுட், எத்தனை ஷீட், கூலி எவ்வளவு என்ற விவரம் இனிக் கிடைக்காது. ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. அந்தக் கணக்கை ஆரம்பித்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

இதையெல்லாம் தோழியிடம் சொன்னேன். "சரி, கட்டித் தொலைக்கிறேன். ஆனா பேப்பர் என் கைக்கு வரணும்" என்றாள்.

"கேட்டு வாங்கு" என்றேன்.

நேற்று மறுபடி போன். வந்தவர் ஒன்றரை மணி நேரம் சுவரைத் தட்டி, ஈரம் பார்க்கும் கருவியை வைத்து, மேல் வீட்டு பாத்ரூம் வரை ஏறிப் போய்ப் பார்த்திருக்கிறார். கசிவது மேல் வீட்டுக் குழாய். அதை பிளம்பரை வைத்துச் சரி செய்தாலே போதும், சுவர் தானாகக் காய்ந்துவிடும், வாட்டர் புரூஃபிங் தேவையே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, 750 ரூபாயோடு கிளம்பிவிட்டாராம்.

இப்போது அந்த 750ஐ மேல் வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று என்னிடம் யோசனை கேட்கிறாள்.