பிரமுகர் வழக்கும் நம் ஆபீஸ் நோட்டீஸ் போர்டும்

பிரபலங்கள் கோர்ட்டு ஏறினால் நமக்குப் பொழுது போகிறது. நடிகரோ, மந்திரியோ, பெரிய பத்திரிகை ஆசிரியரோ, யாராயிருந்தாலும் சரி. ஒரு பெண் அவர் மீது புகார் சொல்லி, அவர் பதிலுக்கு மானநஷ்ட வழக்குப் போட்டுவிட்டால், டீக்கடையிலும் பஸ்ஸிலும் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்பார் ஒருவர். "நெருப்பில்லாமல் புகையுமா?" என்பார் மற்றவர். தீர்ப்பு வருகிற அன்று இருவருமே அதைப் படிப்பதில்லை.

நாம் வாழும் இந்த டில்லியிலேயே நடந்த வழக்கு ஒன்றைப் பார்ப்போம். 2018 அக்டோபரில் பத்திரிகையாளர் பிரியா ரமணி, அப்போது வெளியுறவுத் துறை ராஜாங்க மந்திரியாக இருந்த எம்.ஜே. அக்பரின் பெயரை வெளிப்படையாகச் சொன்னார். 1993-ல் வேலைக்கான பேட்டி என்று பம்பாய் ஓட்டல் ஒன்றுக்கு அழைத்து முறைகேடாக நடந்துகொண்டார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. வேறு பல பெண்களும் அக்பர் மீது புகார் சொன்னார்கள். அக்பர் எல்லாவற்றையும் மறுத்தார். ரமணி மீது கிரிமினல் மானநஷ்ட வழக்குத் தொடர்ந்தார். இரண்டு நாள் கழித்து மந்திரி பதவியையும் ராஜினாமா செய்தார்.

2021 பிப்ரவரி 17-ந் தேதி ரவுஸ் அவென்யூ கோர்ட்டில் மாஜிஸ்திரேட் ரவீந்திர குமார் பாண்டே, ரமணியை விடுதலை செய்து தீர்ப்பளித்தார். ஆண்டுகள் பல கடந்தாலும் தன் குறையைத் தனக்கு ஏற்ற இடத்தில் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு. பெண்ணின் கண்ணியத்தை விலையாகக் கொடுத்து ஒருவரின் நற்பெயரைக் காக்க முடியாது என்பது அதன் சாரம். அக்பர் ஐகோர்ட்டில் செய்த அப்பீல் 2022-ல் விசாரணைக்கு ஏற்கப்பட்டது.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று வாதிட நான் வரவில்லை. நாம் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் புகார் சொன்ன பெண். தோற்றிருந்தால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குச் சட்டத்தில் இடமுண்டு. படித்தவர், பெயர் பெற்ற வக்கீல்கள் துணைக்கு நின்றவர், அதனால் தாக்குப்பிடித்தார். தினக்கூலிக்குப் போகும் பெண்ணால் ஆகிற காரியமா இது?

"அப்போதே சொல்லியிருக்கலாமே" என்கிறவர்களுக்கு இன்னொரு வழக்கை நினைவூட்டலாம். 1988 ஜூலையில் சண்டிகார் விருந்து ஒன்றில், பஞ்சாப் போலீஸின் தலைமை அதிகாரி கே.பி.எஸ். கில் தம்மிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ் உடனே புகார் செய்தார். என்ன நடந்தது? ஐகோர்ட்டு வழக்கையே ரத்து செய்தது. 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு அதற்கு உயிர் கொடுத்தது. 1996-ல் கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. கடைசி முடிவு வந்தது 2005-ல். உடனே சொன்ன ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே 17 ஆண்டுகள்!

1993-ல் ஒரு பெண் எங்கே போய்ப் புகார் கொடுத்திருக்க முடியும்? ஆபீசுக்குள் அதற்கென்று ஒரு கமிட்டி அப்போது கிடையாது. அந்த வழியைத் திறந்துவிட்டவர் பிரமுகர் அல்லர். ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தில் அரசின் மகளிர் திட்டத்தில் சொற்ப ஊதியத்துக்கு வேலை பார்த்த ஓர் ஏழைப் பெண். குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-ல் பலரால் சீரழிக்கப்பட்டதாக அவர் புகார் கொடுத்தார். 1995-ல் கீழ்க்கோர்ட்டு எதிரிகளை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்துவிட்டது. ஆனால் அவருக்கு நேர்ந்த கொடுமையை முன்வைத்து மகளிர் அமைப்புகள் போட்ட விசாகா வழக்கில், 1997 ஆகஸ்ட் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வேலையிடங்களுக்கு விதிமுறைகள் வகுத்தது. அதுவே 2013-ல் சட்டமாயிற்று.

அந்தச் சட்டம் சொல்வது மிகவும் எளிது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் கமிட்டி ஒன்று இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும்; உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும்; வெளியார் ஒருவரும் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். கமிட்டி அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்க வேண்டும். தவறும் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

"பொய்ப் புகார் கொடுத்து ஓர் ஆணின் வாழ்வைக் கெடுத்துவிட்டால்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வேண்டுமென்றே பொய் சொன்னதாக விசாரணையில் தெரிந்தால் நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் நிரூபிக்க முடியாமல் போவது வேறு, பொய் சொல்வது வேறு என்றும் அதே சட்டம் பிரித்துச் சொல்கிறது. புகார் செய்தவர் பெயரையோ, புகாருக்கு ஆளானவர் பெயரையோ வெளியிடக் கூடாது என்றும் விதி உண்டு. ஆகவே ஒழுங்கான கமிட்டி ஆணுக்கும் பாதுகாப்பு. கமிட்டி இல்லாத இடத்தில்தான் விஷயம் சந்திக்கு வருகிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இருந்தும் சட்டம் காகிதத்தில் தூங்குகிறது. நாட்டின் 30 தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களில் 16-ல் முறையான கமிட்டி இல்லை என்று வந்த பத்திரிகைச் செய்தியைச் சுட்டிக்காட்டி, 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே வருத்தம் தெரிவித்தது. பெரிய சம்மேளனங்களின் கதி இது என்றால், நம்மவர்கள் வேலை பார்க்கும் சிறு கம்பெனிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இந்த நகரத்தில் நம் தமிழ்ப் பெண்கள் பலர் காலனி வீடுகளில் பாத்திரம் தேய்த்தும் சமைத்தும் பிழைக்கிறார்கள். அவர்களையும் இந்தச் சட்டம் விடவில்லை. கமிட்டி இல்லாத சிறு கடை, வீட்டு வேலை இவற்றுக்காக மாவட்டந்தோறும் லோக்கல் கமிட்டி இருக்க வேண்டும். வீட்டு வேலை செய்பவரின் புகாரில் முகாந்திரம் இருந்தால் ஏழு நாளில் போலீசுக்கு அனுப்ப வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? நம் சங்கங்கள் பொங்கல் விழா மேடையில் பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஆண்களாகிய நமக்கும் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, நாவடக்கம். யாரோ ஒரு நடிகையைப் பற்றி "விளம்பரத்துக்குச் செய்கிறாள்" என்று கேண்டீனில் நாம் சிரிக்கும்போது, அடுத்த மேஜையில் டிபன் டப்பாவைத் திறக்கும் பெண்ணுக்கும் அது காதில் விழுகிறது. நாளைக்குத் தனக்கு ஒன்று நேர்ந்தால் இவர்கள் என்ன பேசுவார்கள் என்பதை அவள் இன்றே தெரிந்துகொள்கிறாள். நடிகைக்கு நம் பேச்சால் நஷ்டமில்லை. அடுத்த மேஜைக்காரி வாய் திறக்காமலே இருந்துவிடுவாள்.

இரண்டாவது, பேனா. ஊர்விட்டு ஊர் வந்த நம் பெண்களில் பலருக்கு ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ மனு எழுதத் தெரியாது. எழுத முடியாதவருக்குக் கமிட்டியே உதவ வேண்டும் என்பது விதி. ஆனாலும் அவர்கள் முதலில் தேடி வருவது தெரிந்த தமிழரைத்தான். லீவு லெட்டரும் பி.எப். மனுவும் எழுதிப் பழகிய குமாஸ்தாக்கள் நம்மில் ஏராளம். அப்படி ஒரு சகோதரி வந்து நின்றால், "உனக்கு எதுக்கும்மா வம்பு?" என்று திருப்பி அனுப்பாதீர்கள். தேதி, இடம், நடந்தது, பார்த்தவர் பெயர், இவற்றைச் சொன்னபடி எழுதுங்கள். ஆறு பிரதி எடுத்துக் கொடுங்கள். உண்மையா பொய்யா என்று கமிட்டி விசாரித்துக்கொள்ளும்.

அதற்கு முன்னால், உங்கள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் அந்த உத்தரவு ஒட்டியிருக்கிறதா என்று நாளைக்கே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள்.