டீசலில் நம்ம பேரில் ஒரு வரி

2020 ஏப்ரலில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை படுத்தேவிட்டது. நம்ம பங்க்கில் டீசல் இறங்குச்சா? இல்லை. மே மாதம் மத்திய அரசு லிட்டருக்கு 13 ரூபாய் வரியை ஏத்தி, நமக்கு வரவேண்டியதை எடுத்துக்கொண்டது. ஏறினால் சந்தை விலை, இறங்கினால் வரி! 2014-ல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது இதுக்குத்தானா?

இன்னொண்ணு பாருங்க. 2021 பட்ஜெட்டில் டீசல் லிட்டருக்கு 4 ரூபாய் வேளாண் கட்டமைப்பு மேல்வரி போட்டார்கள். வேறு கலால் வரியை அதே அளவு குறைத்ததால் விலை ஏறவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் மேல்வரியில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. உழவன் பேரைச் சொல்லி வசூல். டிராக்டருக்கு டீசல் ஊத்துற நானும் அதைக் கட்டுறேன்.

தமிழ்நாட்டில் மீன்பிடிப் படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் உண்டு. நியாயம். உழவு டிராக்டருக்கும் அதைக் கேட்போம்.