வேஷம் போட்ட நோயாளி

மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசுப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். யானைகளுக்குப் பக்கத்தில், முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பூனை தவம் செய்கிறதே, அதையும் கவனித்தீர்களா? சுற்றிலும் எலிகள்! வேஷம் என்றால் அதுவல்லவா வேஷம்!

பூனையின் வேஷம் எலிக்கு ஆபத்து. ஆனால் நமக்கு நன்மை செய்யும் வேஷம் ஒன்றும் உண்டு. டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளைச் சோதிக்க, நல்ல தேகசுகத்துடன் இருப்பவரையே நோயாளியாக நடிக்கச் செய்வது.

1963-இல் லாஸ் ஏஞ்சலீஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பு வைத்தியர், மாடல் தொழிலில் இருந்த ஒரு பெண்ணைக் கால் விளங்காதவளாக நடிக்கப் பழக்கினார். வைத்தியத்தில் சினிமாக் கூத்தா என்று பரிகசித்தவர்கள் உண்டு. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியர் புதுவிதப் பரீட்சை ஒன்றை வகுத்தார். மணி அடித்ததும் மாணவர்கள் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல். வேஷ நோயாளிக்கு அது வசதியாகப் போயிற்று. 2004 முதல் 2020 வரை, அமெரிக்காவில் தொழில் செய்ய விரும்பிய நம் ஊர் டாக்டர்களும் அங்கே போய் இத்தகைய நோயாளிகளிடம் தேறியாக வேண்டியிருந்தது.

ஒரு வேஷத்தைச் சொல்கிறேன். நாற்பது வயது அம்மாள். "தலை சுற்றுகிறது, டாக்டர்" என்று வந்து உட்காருகிறாள். மார்பில் ஒரு கட்டி இருப்பது அவள் மனத்துக்குள். மாணவன் முகம் பார்த்து, "வேறு ஏதாவது உண்டா, அம்மா?" என்று கேட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் சொல்ல வேண்டும், அவசரப்பட்டால் சொல்லக் கூடாது. அப்படித்தான் அவளுக்கு உத்தரவு! எத்தனை வீடுகளில் நிஜமாகவே அப்படி வாயைத் திறக்காமல் மாத்திரையோடு திரும்பி வருகிறோம்!

எல்லாவற்றையும் நடித்துவிட முடியாதுதான். செங்கற்பட்டுக்கு அருகில் திருமணியில் 1955-இல் ஏற்பட்ட மத்தியக் குஷ்டநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த நோயில் முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்துப் போகும். எந்த நடிகைக்கு அது வரும்? விரலால் தொட்டுத்தான் பழக வேண்டும். ஆனால் அதற்காக, வலியோடு படுத்திருப்பவளின் வயிற்றைப் பத்துப் பேர் மாறி மாறி அமுக்குவதா? பேசுகிற முறையையாவது வேஷக்காரியிடம் கற்றுக்கொண்டு வரட்டுமே.

செங்கற்பட்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2019-இல் நாடு முழுவதற்கும் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், நோயாளியிடம் பேசுவதும் ஒரு பாடம். சரி, அந்த வேஷம் உங்களுக்குக் கிடைத்தால், டாக்டர் கேட்கும்வரை எதை மறைத்து வைத்திருப்பீர்கள்?