நீர் எரிபொருள் அன்று: வினையூக்கியைக் கற்பிப்போம்



அறிவியல் விழாக்களிலும் புத்தாக்கப் போட்டிகளிலும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பரிசுகளைப் பெற்று வருவது நமக்கெல்லாம் பெருமை. ஆயினும், அத்தகைய கண்காட்சிகளில் ‘தண்ணீரில் ஓடும் மகிழுந்து’ என்ற தலைப்பைக் காணும்போது கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுதல் தகாது என்பது என் கருத்து.

நீர் எரிபொருள் அன்று. ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் எஞ்சுவதே நீர். விறகுக்குச் சாம்பல் எப்படியோ, ஹைட்ரஜனுக்கு நீர் அப்படி. சாம்பலை மீண்டும் விறகாக்க வேண்டுமானால் வெளியிலிருந்து ஆற்றலைச் செலுத்தியே ஆகவேண்டும். அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இக்கேள்வியை மாணவன் கேட்கப் பழகவில்லையெனில், நாளை ‘நீரில் ஓடும் கருவி’ என்று எவரேனும் விற்க வந்தால் நம்பி ஏமாறுவான்.

மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் முறை புதிதன்று. 1800-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அதனைச் செய்து காட்டினர். கணக்கின்படி 1.23 வோல்ட் இருந்தாலே நீர் பிரியத் தொடங்க வேண்டும். ஆனால் வகுப்பறையில் சமையல் சோடா கரைத்த நீரில் இரண்டு பென்சில் கரிக்குச்சிகளை வைத்து, 1.5 வோல்ட் மின்கலம் ஒன்றை இணைத்துப் பாருங்கள். குமிழிகள் ஏறக்குறையத் தோன்றுவதே இல்லை. இரண்டு மின்கலங்களைத் தொடராக இணைத்தால் தோன்றும். (உப்பைப் பயன்படுத்த வேண்டா, நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும்.) கணக்குச் சொல்லும் அளவுக்கும் உண்மையில் தேவைப்படும் அளவுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடு வீணாகும் மின்சாரமாகும். அதனைக் குறைப்பதே வினையூக்கியின் பணி. வினையூக்கி ஆற்றலைத் தருவதில்லை; விரயத்தைக் குறைக்கிறது, அவ்வளவே.

ஹைட்ரஜனை வெளியேற்றுவதில் பிளாட்டினம் சிறந்து விளங்குகிறது. காரணம் எளிது. மாலிப்டினம் போன்ற உலோகங்கள் ஹைட்ரஜன் அணுவை இறுகப் பற்றிக்கொண்டு விட மறுக்கின்றன. தங்கமோ சரியாகப் பற்றுவதே இல்லை. பிளாட்டினத்தின் பிடி அளவானது. ஆனால் அதன் விலை அளவானதன்று. உயிர்வளி வெளிவரும் முனையில், அமிலச் சூழலில் தாக்குப்பிடிக்கும் இரிடியமோ, உலகம் முழுவதும் ஓராண்டில் பத்து டன்னுக்கும் குறைவாகவே கிடைக்கிறது.

இங்கேதான் கலப்புலோக நானோ துகள்கள் துணைக்கு வருகின்றன. இரண்டு உலோகங்களைக் கலந்தால் அணுவைப் பற்றும் பிடியை நமக்கேற்ப மாற்றியமைக்கலாம். காரக் கரைசலில் நிக்கல்–மாலிப்டினம் கலப்புலோகம் ஹைட்ரஜன் முனையிலும், நிக்கல்–இரும்புச் சேர்மங்கள் உயிர்வளி முனையிலும் நன்கு செயல்படுகின்றன. இவை அரிய உலோகங்கள் அல்ல. மேலும், வினை நிகழ்வது உலோகத்தின் மேற்பரப்பில் மட்டுமே. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். அதாவது, ஏழு பூப்பந்துத் திடல்களுக்கும் மேல்! ஆறாம் ஆண்டு மாணவனே இக்கணக்கைச் செய்து பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சில கரைந்தும் போகின்றன. ஆய்வுக்கூடத்தில் சில நாள்கள் உழைப்பது வேறு, ஆலையில் பல்லாண்டுகள் உழைப்பது வேறு. இதனையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

இஃது எங்கோ நடக்கும் செய்தியன்று. 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டின் கூச்சிங் நகரில், நீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் தயாரிக்கும் நிலையமொன்று திறக்கப்பட்டது. சரவாக் அதற்குத் தேர்ந்ததற்குக் காரணம், அங்குள்ள அணைகள் தரும் நீர்மின்சாரம். ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அங்கே விடையுண்டு.

ஆகவே ஆசிரியர்களே, அடுத்த போட்டிக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும்போது ‘நீரில் ஓடும் வண்டி’யை விடுத்து, ‘எந்த மின்முனை குறைந்த மின்சாரத்தில் அதிகக் குமிழிகளைத் தருகிறது?’ என்று ஆராயச் செய்யுங்கள். கரிக்குச்சியையும் நிக்கல் கம்பியையும் ஒப்பிடட்டும், அளக்கட்டும், அட்டவணையிடட்டும். பெற்றோர்களே, பிள்ளை பரிசில்லாமல் வீடு திரும்பினாலும், ‘எதை அளந்தாய்?’ என்று கேளுங்கள். வியப்பை ஊட்டுவது எளிது. வினவக் கற்பிப்பதே நம் கடமை.